கொழும்பில் இருக்கும்

ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி எழுதுவதற்கு நல்ல இடம். உள்பக்கம் வெள்ளையாக இருக்கும், மார்க்கர் பேனா வழுக்காது. ஒரே குறை, எழுதினால் அழியாது. தப்பாகிவிட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டியதுதான்.

அப்படி ஒரு மூடியை மடியில் வைத்துக்கொண்டு, பாம்பன் தெற்குவாடியில் கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, என் அக்கா மகனுக்கு ஸ்பானிஷ் மொழியின் எதிர்காலத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் இல்லையா, அந்தச் சமயம். கரை முழுக்க வலை தைக்கிறவர்களும் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுமாகக் கிடந்தார்கள். தாண்டிப் போன எல்லோரும் மூடியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர், "என்ன மாப்ள, கணவாய்க் கணக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருவகையில் கணவாய்க் கணக்குதான். இந்த மொழியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்ததே கணவாய். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் 14 வருஷமாக ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிறேன். ஊசிக்கணவாய்ப் பெட்டி என்றால் 'கலமார்' என்று லேபிள் ஒட்டுவோம். ஓட்டுக்கணவாய் 'செப்பியா'. பேய்க்கணவாய் 'புல்போ'. முதல் பத்து வருஷம் இந்த மூன்று வார்த்தைதான் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ். அப்புறம் வீகோ ஊரிலிருந்து ஒருத்தர் நேரடியாகச் சரக்கு எடுக்க ஆரம்பித்தார். எழுத்தில் வீகோ, அவர்கள் வாயில் பீகோ. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிற பெரிய மீன்பிடித் துறைமுகம் அது. அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டிருந்ததால், ஒரு நாள் போனில் மொழி சொல்லிக்கொடுக்கிற செயலி ஒன்றை இறக்கினேன். பஸ் பாலத்தில் ஏறி இறங்குகிற நேரத்தில் ஒரு பாடம். பாம்பனிலிருந்து மண்டபம் போக ஒன்று, வர ஒன்று. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மருமகன் விஷயம் வேறு. கேட்டரிங் படித்துவிட்டு, சுற்றுலாக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலைக்கு எடுபட்டிருந்தான். பார்சிலோனாவில் போய் ஏற வேண்டும். கப்பலுக்குள் ஆங்கிலம் போதும் என்றார்கள். ஆனால் கரையில் இறங்கினால் நாலு வார்த்தை தெரிந்திருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மாமா, உங்களுக்குத் தெரியும்ல, சொல்லிக்குடுங்க" என்று வந்து நின்றான். வணக்கம், நன்றி, எவ்வளவு, எங்கே எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் அவனே கேட்டான்: "நாளைக்கு வருவேன்னு எப்பிடி மாமா சொல்றது?"

உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்பானிஷ் புத்தகங்களும் 'பேசு' என்ற வினையில்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. நான் 'எஸ்பெரார்' என்ற சொல்லை எடுத்தேன். காத்திருத்தல் என்று பொருள். நம்பிக்கை வைத்தல், எதிர்பார்த்தல் என்பதற்கும் அதே சொல்தான். கடற்கரையில் பிறந்தவனுக்கு இது மூன்றும் ஒரே வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

மற்ற காலங்களில் பெரும்பாலும் ஸ்பானிஷ் வினையைக் கணவாயைச் சுத்தம் செய்வதுபோல் செய்ய வேண்டும். கடைசி ஒலியைக் கழித்துப் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற உடம்பில் விகுதியை ஒட்ட வேண்டும். எதிர்காலத்துக்குக் கத்தியே வேண்டாம். முழு மீன். 'எஸ்பெரார்' என்ற முழுச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வாலில் ஆறு விகுதிகளை ஒட்டினால் தீர்ந்தது. மூடியில் எழுதினேன்: எஸ்பெரரே, நான் காத்திருப்பேன். எஸ்பெரராஸ், நீ காத்திருப்பாய். எஸ்பெரரா, அவன் காத்திருப்பான். எஸ்பெரரேமோஸ், நாம் காத்திருப்போம். எஸ்பெரரெய்ஸ், நீங்கள் பலர் காத்திருப்பீர்கள். எஸ்பெரரான், அவர்கள் காத்திருப்பார்கள்.

கடைசி வரிக்கு வந்ததும் பையன் நிறுத்தினான். "ஆன்னு முடியுது. அப்ப அவன்தானே?"

அதுதான் தமிழ்க்காரனுக்கு விழுகிற முதல் முடிச்சு. நமக்கு 'ஆன்' என்றால் அவன். அவர்களுக்கு 'ஆன்' என்றால் அவர்கள். எனக்கே இது ஒரு மாதம் குழப்பியது. மற்ற விகுதிகள் நம் ஊர்க்காரர் மாதிரியே இருப்பதால் வந்த வினை. நம் 'ஏன்' அங்கே 'ஏ'. நம் 'ஆய்' அங்கே 'ஆஸ்'. நம் 'ஓம்' அங்கே 'ஏமோஸ்'. இதை வைத்து ஸ்பானிஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸப்பில் யாராவது கிளப்பிவிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது வெறும் தற்செயல். இரண்டும் வேறு வேறு குடும்பம்.

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தது பையனுக்கு ஞாபகம் இருந்தது. 'பேசுவேன்' என்றால் பேசு, வ், ஏன். நடுவில் நிற்கிற 'வ்'தான் காலம் காட்டுகிறது. நன்னூல் எதிர்காலத்துக்குச் சொல்கிற இடைநிலைகள் ப், வ் இரண்டும்தான். "இதுல எடைநிலை எங்க மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஸ்பானிஷில் அப்படி ஒன்று தனியாக இல்லை. ஒட்டுகிற விகுதியே ஆளையும் காட்டுகிறது, காலத்தையும் காட்டுகிறது. ஏன் அப்படி என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அடுத்தது ஒரு நல்ல செய்தி. ஸ்பானிஷ் வினைகள் ஆர், ஏர், ஈர் என்று மூன்று சாதியாகப் பிரிந்து, மற்ற காலங்களில் பெரும்பாலும் வேறு வேறு விகுதி கேட்கும். எதிர்காலத்தில் அந்தச் சாதி வித்தியாசம் கிடையாது. 'பொல்வேர்' என்றால் திரும்பி வருதல்: பொல்வெரே, பொல்வெராஸ், பொல்வெரா. 'பிவீர்' என்றால் வாழ்தல்: பிவிரே, பிவிராஸ், பிவிரா. ஒரே ஆறு வால். இன்னொரு வேடிக்கை, மற்ற காலங்களில் கோணலாக நடக்கிற வினைகள் கூட இங்கே நேராக நடக்கின்றன. போதல் என்பதற்கு 'ஈர்'. நான் போகிறேன் என்றால் 'பொய்', போனேன் என்றால் 'ஃபுயி'. மூலச் சொல்லின் சாயலே இருக்காது. அதுவே எதிர்காலத்தில் சமர்த்தாக இரே, இராஸ், இரா என்று போய்விடும். கோணல் என்று எடுத்தால் மொத்தம் 12 சொல்தான். அதுவும் உடம்பில் மட்டும் கோணல், வால் மாறாது. தெனேர், அதாவது வைத்திருத்தல், 'தெந்த்ரே' ஆகும். அசேர், அதாவது செய்தல், 'அரே' என்று சுருங்கும். அந்தப் பன்னிரண்டையும் ஒரு பஸ் பயணத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

உச்சரிப்பில்தான் கவனம் வேண்டும். ஏமோஸ் தவிர மற்ற ஐந்து விகுதிக்கும் மேலே ஒரு சிறு கோடு போடுவார்கள். அந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அர்த்தம். (ஏமோஸிலும் அழுத்தம் 'ஏ'யில்தான், கோடு மட்டும் தேவையில்லை.) செயலி இதை 'அழுத்தம்' என்று சொல்லிச் சொல்லி எனக்கு விளங்கவே இல்லை. நமக்கு அழுத்தம் என்றால் சத்தமாகப் பேசுவது. பிறகுதான் இதை நெடில் என்று வைத்துக்கொண்டேன், காதில் ஒட்டிக்கொண்டது. 'எஸ்பெரரா' என்று கடைசியில் நெடிலாக இழுத்தால், காத்திருப்பான். அதே எழுத்துகளை 'எஸ்பெரார' என்று நடுவில் இழுத்துக் கடைசியைக் குறிலாக விட்டால், காத்திருந்தால் என்கிற மாதிரி வேறொரு இடத்துக்குப் போய்விடும். நடக்கப் போவதற்கும் நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதற்கும் இடையே ஒரு மாத்திரைதான். கலம், காலம் என்று வித்தியாசம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய காரியமா?

அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் ஒரே உருவம்தான் என்றதும் பையன் கொஞ்சம் அசந்தான். 'பொல்வெரா' என்றால் வருவான், வருவாள், வருவார், வரும். "அப்ப ஆளுக்கும் படகுக்கும் ஒண்ணா?" ஒன்றுதான். கடலுக்கும் அதேதான். கடல் என்ற சொல்லை அவர்கள் பொதுவாக ஆண்பாலில் வைத்தாலும், அங்கே மீன்பிடிக்கிறவர்கள் 'லா மார்' என்று பெண்பாலில்தான் சொல்வார்களாம். நாம் இலக்கணத்தில் அஃறிணையில் வைத்துவிட்டு வாயில் கடலம்மா என்கிறோமே, அந்த மாதிரி.

இந்த எதிர்காலம் கட்டளையாகவும் வரும். பத்துக் கட்டளையில் 'கொலை செய்யாதே' என்பது ஸ்பானிஷில் 'நீ கொல்ல மாட்டாய்' என்கிற எதிர்கால உருவம். 'மதார்', கொல்லுதல், ஒழுங்கான வினை. அதில் நீ என்பதற்குரிய வாலை ஒட்டி முன்னால் 'நோ' போட்டால்: நோ மதராஸ்.

பையன் மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "சென்னைன்னு பேர மாத்துனது நல்லதாப் போச்சு மாமா."

சரி, அந்தக் கதைக்கு வருகிறேன். ஸ்பானிஷின் தாய் லத்தீன். லத்தீனில் எதிர்காலத்துக்கு வேறு உருவம் இருந்தது. மக்கள் பேச்சில் அது தேய்ந்துபோய், அந்த இடத்தில் இன்னொரு கட்டுமானம் வந்து உட்கார்ந்தது. வினையின் முழு உருவத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் 'எனக்கு இருக்கிறது' என்பதற்கான துணைவினையைப் போடுவது. பாட இருக்கிறது எனக்கு, கொடுக்க இருக்கிறது எனக்கு. அந்தத் துணைவினைதான் ஸ்பானிஷில் ஏ, ஆஸ், ஆ, எமோஸ், அபெய்ஸ், ஆன் என்று ஆனது. திரும்ப ஒரு தடவை படியுங்கள், நம் ஆறு வாலும் அதற்குள் இருக்கிறது. காலப்போக்கில் அந்தத் துணைவினை முன்னால் நின்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. பழைய ஸ்பானிஷில் இந்த ஒட்டு இன்னும் இறுகியிருக்கவில்லை. நடுவில் 'உனக்கு' என்று ஒரு சொல்லைச் செருகலாம்: தார் தே ஏ, கொடுக்க உனக்கு இருக்கிறேன். ஸ்பானிஷ் அந்த இடைவெளியை மூடிவிட்டது. பக்கத்து மொழியான போர்த்துகீசில் எழுத்து நடையில் இன்னும் உண்டு.

செயலியில் இதெல்லாம் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் ஊர் ஒலிபெருக்கி. "அமைச்சர் அவர்கள் வருகை தரவிருக்கிறார்கள்." வானிலை அறிக்கை: "புயல் கரையைக் கடக்கவுள்ளது." தர இருக்கிறார், கடக்க உள்ளது. வினையின் பக்கத்தில் இரு, உள். இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகவும் ஆகிவிட்டன. ஸ்பானிஷ் பல நூறு வருஷத்துக்கு முன் செய்து முடித்த அதே தையலைத் தமிழ் செய்தித்தாள்கள் தினமும் போட்டுக்கொண்டிருக்கின்றன. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற நாளெல்லாம் எங்களுக்கு இந்த இலக்கணப் பாடம் இலவசம்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு சமயம், செயலியில் எதிர்காலப் பாடம் முடித்த சூட்டோடு இருந்தேன். எங்கள் ஓட்டுக்கணவாய்க் கன்டெய்னர் ஒன்று தூத்துக்குடியிலிருந்து கிளம்பியிருந்தது. எங்கள் பக்கத்துச் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா போகும். டிராக்கிங்கில் தூத்துக்குடியை விட்டது வரைதான் காட்டியது. அதற்கு மேல் அசையவில்லை. வீகோக்காரருக்குச் செய்தி போட்டோம். அவர் ஸ்பானிஷில் ஒரு வரி அனுப்பினார்: எஸ்தரா என் கொலோம்போ.

மேனேஜர் என்னைப் பார்த்தார். எஸ்தார், இருத்தல். எஸ்தரா, எதிர்காலம், ஒழுங்கான வினைகளைப் போலவே வந்திருக்கிறது, கோணல் இல்லை. எனக்குள் பெருமை. செயலி இதற்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை மனசுக்குள் ஓட்டினேன். அது வருங்காலத்தைக் காட்டுகிற ஆங்கிலம். அதனால், "இன்னும் போய்ச் சேரலை சார், இனிமேதான் கொழும்புக்குப் போகும். வழக்கமான ஓட்டம்தான்" என்றேன். அவரும் நிம்மதியாக வேறு வேலையைப் பார்த்தார். கொழும்புக்கு யாரும் போன் போடவில்லை.

கன்டெய்னர் அப்போதே கொழும்பில்தான் கிடந்தது. ஏற வேண்டிய பெரிய கப்பலைத் தவறவிட்டு, யார்டில் கரன்ட் ஒயரைச் சொருகிக்கொண்டு நின்றிருக்கிறது. வீகோக்காரர் சொன்னது அதைத்தான். இப்போது கொழும்பில் கிடக்கும், அங்கே மாட்டியிருக்கும், விசாரியுங்கள் என்று. நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. கணவாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. மேனேஜர் பேசியதை எந்தக் காலத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

எங்கே தப்பினேன் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எதிர்காலம் என்றால் எதிர்காலம்தானே? வீகோக்காரர்தான் இலக்கணப்பிழையாக எழுதிவிட்டார் என்றுகூட ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பீரோச் சாவியைக் காணோம். அடுக்களையில் இருந்த அம்மாவிடம் சத்தம் கொடுத்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது: "மேசை மேல இருக்கும் பாரு."

சட்டைப் பித்தான் பாதி போட்டபடி அப்படியே நின்றுவிட்டேன். இருக்கும். இலக்கணப்படி எதிர்காலம். அம்மா சொன்னது நாளைக்கு அல்ல. இந்த நிமிஷம் மேசை மேல் இருக்கிறது என்று நினைக்கிறேன், கண்ணால் பார்க்கவில்லை, நீ போய்ப் பார் என்கிறாள். எஸ்தரா என் லா மேசா. அச்சு அசல்.

'கொழும்புல இருக்கும்' என்று நான் தமிழில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மேனேஜர் அந்த நிமிஷமே போனை எடுத்திருப்பார். அந்தத் தமிழ் என் வாயிலேயே இருந்தது. ஸ்பானிஷிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல், நடுவில் ஆங்கிலத் தரகரைப் போய்ப் பார்த்ததால் வந்த கேடு. கரையில் மீன் ஏலம் போகிறபோது தரகருக்கு எவ்வளவு போகிறது என்று வருஷம் முழுக்கப் புலம்புகிற ஊர்க்காரன், மொழிக்கு மட்டும் தரகு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

(அந்த 'மேசை' போர்த்துகீசு. சாவியும் அவர்கள் கொடுத்ததுதான், ஏலம், துவாலை, ஜன்னலும் அப்படித்தான். மேசையும் துவாலையும் ஸ்பானிஷில் கிட்டத்தட்ட அதே சொல், மேசா, தொவாயா. சாவியும் ஜன்னலும் அங்கே வேறு. 1549இல் சேசு சபைப் பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டது மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில்தான். அந்தக் காலத்து நடமாட்டத்தின் மிச்சம் எங்கள் வீட்டு மரச்சாமான்களில் கிடக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் பிறந்ததோ இன்றைய ஸ்பெயினில் இருக்கிற நவார்ரா. செபங்களைத் தமிழில் மாற்றித் தரச்சொல்லி, அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தார் அவர். பஸ்ஸில் உட்கார்ந்து எஸ்பெரரே, எஸ்பெரராஸ் என்று முணுமுணுக்கிற என்னை ஜன்னலோரத்து ஆள்கள் ஒரு மாதிரி பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.)

சாவி கிடைத்த நாளிலிருந்து என் காது மாறிப்போனது. எங்கள் ஊர்ப் பேச்சில் எதிர்கால உருவத்தை எண்ண ஆரம்பித்தேன். "மணி மூணு இருக்கும்." "அந்தா வர்றது அவருதான், வேற யாரா இருக்கும்?" "மீன்பாடு இருந்திருக்காது, அதான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரு." நாளையைப் பற்றிய பேச்சே இல்லை. எல்லாம் இன்றைய ஊகம். ஸ்பானிஷிலும் மணியை ஊகமாகச் சொல்ல 'செரான் லாஸ் த்ரேஸ்' என்பார்கள், மூணு இருக்கும்.

அப்படியானால் நாளையைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்? பெரும்பாலும் நிகழ்காலத்தில். "நாளைக்கு வர்றேன்." இல்லையென்றால் போதலைத் துணைக்கு அழைத்து: "வரப் போறேன்." ஸ்பானிஷிலும் இந்த இரண்டும் அப்படியே உண்டு. மன்யானா புவெல்வோ, நாளைக்குத் திரும்பி வர்றேன். பொய் ஆ பொல்வேர், திரும்பி வரப் போறேன். பேச்சில், அதிலும் லத்தீன் அமெரிக்காவில், இந்தப் 'போறேன்' உருவம்தான் அதிகம். மன்யானா என்றால் நாளை, காலை இரண்டும். விடிஞ்சா கல்யாணம் என்று நாம் சொல்வதில்லையா, அதே கணக்கு. 'பொல்வெரே', 'வருவேன்' என்று தனி எதிர்காலத்தைப் பேச்சில் எடுத்தால் குரலே கொஞ்சம் மாறுகிறது. அது சத்தியம், அல்லது சவால். "வருவேன்னா வருவேன்." சும்மா கடைக்குப் போகிறவன் அப்படிப் பேசமாட்டான்.

அதனால் பையன் கேட்ட கேள்விக்கு மூடியில் மூன்று பதில் எழுதிக் காட்டினேன். "மூணையும் வச்சுக்க. சும்மா சொல்லணும்னா முதல் ரெண்டு. யாருக்காவது வாக்குக் குடுத்தா மூணாவது."

"யாருக்கு மாமா வாக்குக் குடுக்கப் போறேன்?"

"பார்சிலோனாவுல ஆளா இல்ல? உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுக் குடு."

ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மொழியும் கை கோத்து வந்துவிட்டுப் பிரிகின்றன. அதை நான் புத்தகத்தில் பார்க்கவில்லை, அம்மாவிடம் கேட்டேன். அம்மா 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியில் இருந்தவள். அப்போது 14 வயது. பேத்திகளுக்கும் பேரனுக்கும் அவள் ஊரைச் சொல்கிற விதம் இது: "ரயிலு வந்து நிக்கும். சனங்க எறங்கி நேரா கப்பலுக்குப் போவாங்க, தலைமன்னாருக்கு. எங்க அய்யா கருவாட்டு மூட்டையத் தைப்பாரு. பிள்ளைக நாங்க கப்பலு மறையுற வரைக்கும் நிப்போம். ஒருத்தரும் நமக்குத் தெரிஞ்சவுக இல்ல, ஆனாலும் கை காட்டுவோம்."

நிற்கும், போவாங்க, தைப்பாரு, காட்டுவோம். ஒன்றுவிடாமல் எதிர்காலம். டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி கடலோடு போன ஊரை, அம்மா எதிர்காலத்தில் சொல்கிறாள். பழக்கமாக நடந்துகொண்டிருந்ததைத் தமிழ் அப்படித்தான் சொல்லும், நமக்கு அதில் ஒன்றும் வினோதமாகப் படுவதில்லை. ஸ்பானிஷில் இது நடக்காது. அதற்கென்று தனியாக ஓர் இறந்தகால உருவம் வைத்திருக்கிறார்கள். ரயில் 'யெகாபா', சனங்கள் 'இபான்'. அம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானிஷ் எதிர்காலத்தில் மாற்றினால், வீகோக்காரருக்கு வேறு சேதி போய்ச் சேரும். ரயில் வந்து நிற்கும், சனங்கள் கப்பலுக்குப் போவார்கள், அய்யா மூட்டையைத் தைப்பார் என்று கேட்டு, ஊரைத் திரும்பக் கட்டப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார். இதை விளையாட்டாக அம்மாவிடம் சொன்னேன். "நெனச்சுட்டுப் போகட்டுமே, ஒனக்கென்ன?" என்றாள்.

மூடியில் ஒரு மூலை மிச்சம் இருந்தது. அதில் கடைசியாக ஒன்று எழுதினேன்: அப்ரா கொமீதோ. அந்தத் துணைவினையையே எதிர்காலத்தில் போட்டு, பக்கத்தில் முடிந்த வினையை வைப்பது. சாப்பிட்டு, இருப்பான். சாப்பிட்டிருப்பான். நமக்கு எச்சம் முன்னால், அவர்களுக்குத் துணைவினை முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் காலம் முன்னே பார்க்கிறது, காரியம் பின்னே முடிந்திருக்கிறது.

பையன் இரண்டு தடவை படித்துவிட்டு, "இது அம்மாச்சி கேக்குறது மாமா" என்றான்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய வாரத்தில் அவன் கிளம்பினான். வாசலில் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வர்றேன் அம்மாச்சி" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, இதை அங்கே எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டான். "அவுரா புவெல்வோ" என்றேன். இப்ப வர்றேன், நிகழ்காலம்தான். பத்து நிமிஷத்தில் திரும்புகிறவன் சொல்கிறது அது. எட்டு மாத ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் அதையே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். மூடியைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோகிறேன் என்று அடம்பிடித்தான், பெட்டி மூடவில்லை. போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். மூடி இப்போது அக்கா வீட்டில் ஏதோ ஒரு நண்டுப் பெட்டி மேல் கிடக்கும்.

நேற்று ராத்திரி செய்தி முடிந்து அம்மா டிவியை அணைத்தாள். மணி ஒன்பது இருக்கும்.

"இப்ப அங்க என்ன மணி இருக்கும்?"

"அஞ்சரை இருக்கும்மா. மூன்றரை மணி நேரம் பின்னால."

கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் சாப்பிட்டிருப்பானா?"

"சாப்பிட்டிருப்பான்."

"என்னத்தப் போட்டிருப்பாங்களோ" என்றபடி விளக்கை அணைக்க எழுந்தாள்.